ரத்த ரிப்போர்ட் நார்மல், குடல் நார்மலா?

பொங்கல் லீவில் கவரைப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். இரண்டு வருடமாக அவனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உட்சுவர் வீங்கிப் புண்ணாகும் நோய். சாப்பிட்டு முடித்ததும் ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான்.

"மாமா, சி.ஆர்.பி நார்மல். அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்."

"ரத்தம் போகுதா?"

"எப்பவாச்சும் கொஞ்சம். சூட்டுல நிக்கிறோம்ல, அது மூலமா இருக்கும்."

ரிப்போர்ட்டில் தப்பு ஏதும் இல்லை. அதை அவன் படித்த விதத்தில்தான் தப்பு. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்து ஆய்வுக் கட்டுரைகளில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

குடல் அழற்சி நோயில் இரண்டு முக்கிய வகை: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ். இரண்டும் அடங்கும், திரும்ப எழும். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நேராகப் பார்க்க கொலோனோஸ்கோப்பி வேண்டும். முதல் நாள் பேதி மருந்து, மறுநாள் பரிசோதனை. தினக்கூலிக்காரனுக்கு அது இரண்டு நாள் சம்பளம். மாதாமாதம் செய்ய முடியாது. அதனால்தான் குழாய் விடாமலே கண்டுபிடிக்கும் அடையாளங்களை மருத்துவர்கள் தேடினார்கள். அறிகுறி, ரத்தம், மலம் என்று மூன்று ஜன்னல்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே அறையைத்தான் பார்க்கின்றன, ஆனால் வேறு வேறு மூலையை.

முதல் ஜன்னல்: அறிகுறி

1955இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் கார்டிசோன் மருந்தைச் சோதித்தபோது, நோயின் கடுமையைப் பிரிக்க ஒரு அளவுகோல் வகுத்தார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு மலம் போய், கூடவே நாடித்துடிப்பு 90க்கு மேல், காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், ஈ.எஸ்.ஆர் 30க்கு மேல் என்பதில் ஒன்றாவது இருந்தால் அது கடுமையான நிலை. வீட்டில் வைத்துப் பார்க்கும் சமாசாரம் இல்லை, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

இதற்கு எந்த மெஷினும் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் நம்ம ஊரில் அந்த எண்ணிக்கையே சிக்கல். "ஒரு நாளைக்கு எத்தனை தடவடா?" என்றேன். "ரெண்டு, மூணு" என்றான். அக்கா உள்ளேயிருந்து, "ஷிப்டுக்குப் போற அன்னைக்கு இவன் சாப்பிடறதே இல்லடா" என்றாள். கழிவறை அவன் நிற்கும் இடத்திலிருந்து தூரம். லைனை விட்டு அடிக்கடி போனால் சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் பட்டினி கிடந்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருக்கிறான். டாக்டரிடமும் அதே "ரெண்டு, மூணு"தான். நாடியும் அப்படித்தான். சூட்டில் நின்று வந்தவுடன் பிடித்தால் யாருக்கும் கூடுதலாகத்தான் இருக்கும். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஆறிய பிறகு பார்க்க வேண்டும்.

இரண்டாம் ஜன்னல்: ரத்தம்

சி.ஆர்.பி என்ற புரதம் 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இதைச் செய்வது குடல் அல்ல, கல்லீரல். உடம்பில் எங்காவது அழற்சி வந்து, அதன் செய்தி ரத்தம் வழியாகக் கல்லீரலை எட்டினால் அளவு ஏறும். அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால் அழற்சி அடங்கினால் சட்டென்று இறங்கியும் விடும்.

சிக்கல் இங்கேதான். கிரோன்ஸ் நோய் குடல் சுவரின் எல்லா அடுக்கையும் துளைக்கும், அதில் சி.ஆர்.பி நன்றாக ஏறும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் மேல் படலத்தோடு நிற்கும். அதுவும் மலக்குடலை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும் என்றால், கல்லீரலுக்குச் செய்தியே போகாமல் இருக்கலாம். தெருமுனையில் குப்பை எரிகிறது, ஊர்க்கோடி வீட்டுக்குப் புகை வரவில்லை. அதற்காகத் தீ இல்லை என்று சொல்ல முடியுமா?

ஆனால் கடுமையான நிலையில் இதே சி.ஆர்.பி.க்குப் பெரிய மதிப்பு உண்டு. 1996இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆய்வு ஒன்று, ஸ்டீராய்டு ஊசி தொடங்கிய மூன்றாம் நாள் நிலவரத்தைப் பார்த்தது. எட்டு தடவைக்கு மேல் மலம் போனாலோ, மூன்று முதல் எட்டு தடவை போய் சி.ஆர்.பி 45க்கு மேல் இருந்தாலோ, அந்த அட்மிஷனிலேயே பெருங்குடலை அகற்ற வேண்டி வருவதற்கு 85 சதவீத வாய்ப்பு என்று கணித்தது. இப்போது இன்ப்ளிக்சிமாப் போன்ற மருந்துகள் பலரைக் காப்பாற்றுகின்றன. ஆனாலும் மூன்றாம் நாள் நின்று கணக்குப் பார்க்கும் வழக்கம் தொடர்கிறது.

மூன்றாம் ஜன்னல்: மலம்

சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் குடலை உரசிக்கொண்டு வரும் ஒரே பொருள் அதுதான். அழற்சி உள்ள இடத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்து, குடலுக்குள் கசிகின்றன. அவற்றுக்குள் நிறைந்திருக்கும் புரதம் கால்ப்ரோடெக்டின். 1980இல் நார்வேயில் ஃபாகர்ஹோல் குழுவினர் பிரித்தெடுத்தது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் எளிதில் சிதையாது, மலத்தோடு அப்படியே வெளியே வரும்.

ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பொதுவாக நார்மல். 250க்கு மேல் என்றால் அழற்சி ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு. நடுவில் இருப்பது மங்கலான பகுதி; ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல் மறுபடி பார்ப்பது நல்லது. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும்.

இதுவும் தெய்வவாக்கு இல்லை. டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போட்டால் ஏறும். மில் வேலைக்காரர்கள் இடுப்பு வலிக்கு அதைத்தான் மெடிக்கலில் வாங்கிப் போடுகிறார்கள். சீதபேதி வந்தாலும் ஏறும். குடல் காசநோயிலும் ஏறும். நம்ம நாட்டில் இது முக்கியம், ஏனென்றால் குடல் காசநோய் கிரோன்ஸ் மாதிரியே வேஷம் போடும். ஆள் மாறி ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து. ஆகவே முதல் முறை நோயைக் கண்டறிய இந்த எண் போதாது. கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் வேண்டும். தெரிந்த நோயைப் பின்தொடரத்தான் இது.

சாம்பிளைச் சென்னைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தால் பயப்பட வேண்டாம், கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் பயணத்தில் கெட்டுப்போகாது. ஆனால் வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், அதிக சூட்டில் அளவு குறைந்து பொய்யான நிம்மதி தரும்.

மூன்றையும் சேர்த்துப் படிப்பது

2023இல் அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் எளிது. அறிகுறி இல்லை, கால்ப்ரோடெக்டின் 150க்குக் கீழ், சி.ஆர்.பி நார்மல் என்றால் குழாய் வேண்டாம். அறிகுறி நன்றாகவே இருந்து, எண்ணும் ஏறியிருந்தால் அப்போதும் குழாய்க்குக் காத்திராமல் மருந்தை மாற்றலாம். லேசான அறிகுறி என்றாலோ, அறிகுறி ஒன்றும் எண் வேறொன்றும் சொன்னாலோ உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சாட்சிகள் ஒத்துப்போனால் நம்பு, முரண்பட்டால் நேரில் போய்ப் பார் என்கிற பஞ்சாயத்து நியாயம்தான் இது.

எண்களைப் பின்தொடர்வதில் பலன் உண்டா? 2017இல் லான்செட்டில் வந்த காம் ஆய்வு கிரோன்ஸ் நோயாளிகளில் இதைப் பார்த்தது. அறிகுறியை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டியவர்களில் 48 வாரத்தில் 30 சதவீதத்தினருக்குக் குடல் ஆறியிருந்தது. கால்ப்ரோடெக்டின், சி.ஆர்.பி இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களில் 46 சதவீதம்.

அக்கா மகனுக்குக் கால்ப்ரோடெக்டின் 600ஐத் தாண்டி வந்தது. சி.ஆர்.பி அப்போதும் நார்மல்தான். லேசான அறிகுறி, முரண்பட்ட எண்கள். டாக்டர் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார். மலக்குடலிலும் அதற்கு மேல் கொஞ்ச தூரத்திலும் புண். மூலம் இல்லை. மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, இரவில் ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எண் நூறுக்குக் கீழே.

போன வாரம் போன் பண்ணினான். "மாமா, இப்ப டப்பா கட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்டயும் ஷிப்டு அன்னைக்கு எத்தனை, லீவு அன்னைக்கு எத்தனைன்னு தனித்தனியா எழுதிக் காட்டிட்டேன்."

எந்த லேப்பும் தராத ரிப்போர்ட் அது. டாக்டர் அதைத்தான் முதலில் படித்தாராம்.