கையில் கார்டு இருந்தாலும் கடலில் முதலில் ஒரு சோதனை: ஸ்கூபா செல்லும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சிவகங்கை மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. நம்மில் பெரும்பாலோர் நீந்தப் பழகியது கண்மாயிலும் கிணற்றிலும்தான். ஆனால் இளையான்குடி, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் ஏராளம். அங்கே ஸ்கூபா டைவிங் கற்று, சான்றிதழ் கார்டும் வாங்கிய இளைஞர்கள் இப்போது நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். விடுமுறை வந்தால் அந்தமான், மாலத்தீவு, திருகோணமலைக்கு அருகே நிலாவெளி, மலேசியாவின் தியோமன் தீவு என்று குடும்பத்தோடு புறப்படுகிறார்கள்.

அங்கே போனதும் பலருக்கு ஒரு மனவருத்தம் ஏற்படுகிறது. கார்டைக் காட்டிய பிறகும், "முதலில் ஆழமில்லாத இடத்தில் சில பயிற்சிகளைச் செய்து காட்டுங்கள்" என்கிறார் பயிற்சியாளர்.

நமக்கு அறிமுகமான சகோதரர் ஒருவர் இப்படித்தான் கோபப்பட்டார். கார்டு வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் ஒருமுறைகூட அவர் கடலில் இறங்கவில்லை. "என்ன ஹஜ்ரத், காசு கொடுத்துப் படிச்சு பாஸ் பண்ணினவனையே நம்ப மாட்டேங்கிறாங்க" என்று பிறகு நம்மிடம் சொன்னார். ஆனால் நடந்ததையும் அவரே மறைக்காமல் சொன்னார். இடுப்பளவு நீரில் மண்டியிட்டு மாஸ்க்கில் தண்ணீர் விடச் சொன்னபோது, பழக்கதோஷத்தில் மூக்கால் மூச்சை இழுத்துவிட்டார். புரையேறியது, பதறி எழுந்து நின்றுவிட்டார். அங்கே எழுந்து நிற்க முடிந்தது. 15 மீட்டர் ஆழத்தில் அது நடந்திருந்தால்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் அந்தச் சோதனை.

கார்டு சொல்வது என்ன?

பாடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகள் தரும் தொடக்கநிலைச் சான்றிதழான 'ஓப்பன் வாட்டர்' கார்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதை வைத்திருப்பவர் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்பது பொதுவான வரம்பு. ஒரு நாள் இவர் இந்தத் திறன்களைச் சரியாகச் செய்து காட்டினார் என்பதற்கு அது சாட்சி. இன்றும் இவர் கைக்கு அது வருமா என்பதைக் கார்டு சொல்லாது.

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் போதும். தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிள், குர்ஆனை முழுமையாக மனனம் செய்து பட்டம் பெற்றவர்தான். ஆனாலும் அன்று ஓத வேண்டிய பகுதியை இன்னொரு ஹாஃபிளிடம் ஓதிக்காட்டிவிட்டே முன்னால் நிற்கிறார். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

எதையெல்லாம் பார்ப்பார்கள்?

முதலில் காகிதங்கள். கார்டு, இதுவரை இறங்கியதைப் பதிந்த லாக் புத்தகம், உடல்நலப் படிவம். கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேட்பார்கள். ஆஸ்துமா, இதய நோய், காதுப் பிரச்சினை இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யக் கூடாது.

அடுத்து கருவிகள். சிலிண்டர், ரெகுலேட்டர், காற்று நிரப்பும் ஜாக்கெட் ஆகியவற்றை நீங்களே பூட்டிக் காட்ட வேண்டும். பிறகு உடன் இறங்கும் துணைவரும் நீங்களும் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

அதன்பின் ஆழமில்லாத நீரில் வழக்கமாகக் கேட்பவை இவை:

1. மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது. மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து, மேலே பார்த்து, மூக்கால் ஊத வேண்டும்.

2. வாயிலிருந்து விலகிய ரெகுலேட்டரைத் தேடி எடுத்து, நீரை வெளியேற்றி மீண்டும் மூச்சு விடுவது. அது வாயில் இல்லாத நேரத்தில் மூச்சை அடக்காமல் சிறு குமிழ்களாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

3. காற்று தீர்ந்துவிட்டதாகச் சைகை காட்டி, துணைவரின் உபரி ரெகுலேட்டரிலிருந்து மூச்சு விடுவது.

4. எடை சரியா என்று பார்ப்பது. ஜாக்கெட்டில் காற்றில்லாமல் சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் நீர்மட்டம் கண் அளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நீச்சல்குளத்தில் கற்றவருக்குக் கடலில் கூடுதல் எடை தேவைப்படும். உப்பு நீர் உடலை அதிகமாக மிதக்க வைக்கும் என்பதே காரணம்.

5. தரையில் விழாமலும் மேலே எழும்பாமலும் ஒரே மட்டத்தில் நிற்பது.

6. சைகைகள். நாம் 'சூப்பர்' என்று சொல்லக் கட்டைவிரலை உயர்த்துவோம். கடலுக்கடியில் அதன் பொருள் 'மேலே போவோம்' என்பது. நலமாக இருப்பதாகச் சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும்.

பதற்றம் ஏன் ஆபத்து?

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு பங்காக விரியும். பதறியவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் விரியும் காற்றுக்குப் போக வழியில்லை. நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆழம் குறைந்த இடத்திலும் இது நேரலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவரின் முதல் உந்துதலே மூச்சை அடக்கி மேலே வருவதுதான். கண்மாய் கற்றுக்கொடுத்த அந்தப் பழக்கம் இங்கே எதிரியாகிவிடுகிறது.

அதனால்தான் நிமிடத்திற்குச் சுமார் 9 மீட்டருக்கு மிகாமல் மெதுவாக ஏறவும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கவும் சொல்கிறார்கள். மாஸ்க்கில் புகும் ஒரு கை நீர்தான் பலருக்குப் பதற்றத்தின் தொடக்கம் என்பதால், சோதனையும் மாஸ்க்கிலிருந்து தொடங்குகிறது.

மாஸ்க் பற்றி நமக்கென்று இரண்டு குறிப்புகள். அதன் கீழ் விளிம்பு மேலுதட்டில் படியும் என்பதால், அடர்ந்த மீசை உள்ளவருக்கு நீர் கசியும்; ஒட்டக் கத்தரித்தவருக்குத் தொல்லை குறைவு. தலையை மறைக்கும் பெண்கள் நீச்சல் உடையோடு வரும் தலையுறையை அணியலாம். ஆனால் துணியோ முடியோ மாஸ்க் விளிம்பின் அடியில் சிக்கக் கூடாது.

முத்துக்குளித்தவர்கள் செய்தது

இது வெளிநாட்டுக்காரர் கண்டுபிடித்த கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். பக்கத்து மாவட்டத்திலுள்ள கீழக்கரையின் முஸ்லிம்கள் மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள். கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குபவரின் உயிர், படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. வாழ்நாள் முழுவதும் கடலில் இறங்கியவர்களே ஆளையும் கயிற்றையும் பார்த்துத்தான் இறங்கினார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இறங்கும் நாம் பார்க்க வேண்டாமா?

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

பதிவு செய்யும்போதே, சோதனை உண்டா, கட்டணம் தனியா, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் நீங்களே புத்துணர்வுப் பயிற்சி கேட்டு வாங்குங்கள். சோதனையில் ஒன்று வரவில்லை என்றால் அது தோல்வி அல்ல. அங்கேயே மீண்டும் பழகிக்கொள்ளலாம். எதையுமே கேட்காமல் நேராக ஆழத்திற்கு அழைத்துச் செல்லும் இடத்தைக் கண்டுதான் யோசிக்க வேண்டும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்கிற்கு 30 மீட்டர்தான் எல்லை; அதைத் தாண்ட யார் ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள். ஊர் திரும்பும் விமானத்தையும் கடைசியாக இறங்கியதிலிருந்து குறைந்தது 18 மணி நேரம் கழித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

"காசு கட்டியாச்சு, சீக்கிரம் இறங்கு" என்று உடன் வந்தவர்களும் அவசரப்படுத்த வேண்டாம். உயிர் அல்லாஹ் நம்மிடம் தந்திருக்கும் அமானிதம். அந்தச் சகோதரர் அன்று அரைமணி நேரம் கூடுதலாகப் பழகினார். மறுநாள் பிள்ளைகள் கரையில் காத்திருக்கக் கடலில் இறங்கி, நலமாக ஏறி வந்தார், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, கேட்பதற்கு முன்பே தாமே சோதனைக்கு நிற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.