கறுப்பு நாளும் கட்டணமில்லாச் சட்டப் படிப்பும்



ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக்காகக் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். 1950-ஆம் ஆண்டு அதே நாளில் வெளிவந்த குடியரசுத் தலைவரின் ஆணையை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்து சமயத்தவருக்கே உரியதாக்கியது அதன் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை.

இவற்றைக் கற்க இன்று சட்டக் கல்லூரிக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'ஸ்வயம்' இணையதளத்தில் அரசியலமைப்புச் சட்டப் பாடங்கள் உள்ளன. பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறவே கட்டணம். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அன்பியத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் விளக்கலாம்.

எப்படிப் படிப்பது? முதலில் சட்டப்பிரிவு, பிறகு அதைப் பற்றிய ஒரு வழக்கு. வழக்கில் நான்கைத் தேடுங்கள்: நடந்தது என்ன? எழுந்த கேள்வி என்ன? தீர்ப்பு என்ன? அதற்குக் காரணம் என்ன?

சூசை வழக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்து வந்தவர் அவர். அத்தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகச் சிறு கடைகள் வழங்கியபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. சமத்துவம் பற்றிய பிரிவு 14, பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 15, சமய உரிமைக்கான பிரிவு 25 ஆகியவற்றுக்கு இது முரண் என்று உச்ச நீதிமன்றம் சென்றார். 1985-இல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதன் கொடுமை புதிய சமூகத்திலும் அதே அளவு நீடிக்கிறது என்பதற்குப் போதிய சான்று வேண்டும் என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்பு நம் மனத்தையும் உறுத்த வேண்டும். கேட்கப்பட்ட சான்று, தனிக் கல்லறைகளாகவும் தனித் தெருக்களாகவும் நம் பங்குகளில் இருந்ததல்லவா? அதை ஒப்புக்கொண்டு பதிவு செய்வதும் உரிமைப் போராட்டமே. மேலும், வெளியான பட்டியலை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு என்கிறது பிரிவு 341. நம் மனு யாரிடம் செல்ல வேண்டும் என்பதும் இதனால் தெளிவாகிறது.

சாட்டையால் அடிக்கக் கட்டப்பட்டபோது, தாம் உரோமைக் குடிமகன் என்பதைத் திருத்தூதர் பவுல் நூற்றுவர் தலைவருக்கு எடுத்துச் சொன்னார். அடிக்க வந்தவர்கள் விலகினார்கள். தம் உரிமை இன்னதென்று அவர் அறிந்திருந்தார். நாமும் அறிந்துகொள்வோமா?