கங்காணி பார்த்த கை, கணினி போடும் மார்க்

வட்டவடையில் பெரியவர்களைக் கேட்டால், தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பார்கள். இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. வீட்டிலும் வயலிலும் இன்றும் பேச்சு தமிழ்தான். அன்று மலையேறியவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. காட்டைத் திருத்தி, சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, விளைய வைக்கத் தெரிந்தால் போதும், நிலம் ஏற்றுக்கொண்டது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பிறகு தொடங்கியது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். தோட்டங்கள் எழுந்தன, கங்காணிகள் சமவெளி ஊர்களுக்கு ஆள் பிடிக்கப் போனார்கள். முன்பணம் கொடுத்து, உழைக்கும் கையும் நடக்கும் காலும் இருக்கிறதா என்று பார்த்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாமில் உடல் சோதனை நடந்தது. அன்றைய தகுதித் தேர்வு அவ்வளவுதான். உடம்பு தேறினால் ஆள் தேறினார். படித்தவரா, என்ன மொழி தெரியும் என்பது தோட்டக்காரருக்குத் தேவைப்படவில்லை. தெரியாமல் இருந்தால் அவருக்கு இன்னும் நல்லது.

படித்த தமிழருக்குக் கதவு வேறு விதத்தில் மூடியிருந்தது. ஆஸ்திரேலியா 1901-லிருந்து எழுத்துத் தேர்வு ஒன்றை வைத்திருந்தது. ஐம்பது வார்த்தைகள் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி வாசிப்பார், வந்தவர் எழுதிக் காட்ட வேண்டும். எந்த ஐரோப்பிய மொழியில் என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவரையும் அறியாத மொழியில் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். 1958-ல்தான் அதை நிறுத்தினார்கள். கனடாவோ 1951-ல் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று நாடுவாரியாக ஒதுக்கியது. இந்தியாவுக்கு 150, பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50. கொழும்பில் எவ்வளவு பெரிய பொறியாளராக இருந்தாலும் அந்த ஐம்பதுக்குள் இடம் கிடைத்தால்தான் உண்டு. திறமையை அளக்கவே இல்லை, பிறந்த மண்ணை மட்டும் அளந்தார்கள்.

1967 அக்டோபர் 1-ல் கனடா இதை மாற்றியது. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் வரலாம் என்றது. படிப்புக்கும் பயிற்சிக்கும் 20, தொழிலுக்கு அங்கே இருக்கும் தேவைக்கு 15, வயதுக்கு 10, ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்தால் 10 என்று பிரித்தது. அதிகாரி நேரில் பார்த்துப் போடும் 15 மதிப்பெண்ணும் அதில் இருந்தது, பழைய மனக்கோணல் ஒளிந்துகொள்ள அது ஒரு பொந்து. ஆனாலும் நிறத்துக்கு மதிப்பெண் இல்லை, நாட்டுக்கும் இல்லை. தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் கணக்காளர்களும் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். 1983-க்குப் பிறகு அங்கே பெருகிய ஈழத்தமிழரில் மிகப் பலர் அகதிகளாகப் போனவர்கள். அந்தக் கணக்கை இதில் சேர்க்கக் கூடாது.

இன்றைய புள்ளி முறைக்கு வருவோம். வட்டவடைப் பெண் ஒருத்தி பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, மூன்று ஆண்டு இங்கேயே வேலை பார்த்து, 29 வயதில், திருமணம் ஆகாமல், கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2015-லிருந்து நடக்கும் முறை இது. மொத்தம் 1,200 புள்ளி. அவளுக்கு வயதுக்கு 110, பட்டத்துக்கு 120. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றிலும் 6.5 எடுத்தால் மொழிக்கு 92, அனுபவமும் படிப்பும் மொழியோடு சேர்வதற்கு இன்னும் 38. கூட்டினால் 360. அதே பெண் நான்கு பிரிவிலும் அரை மதிப்பெண் கூட எடுத்தால் மொழிக்கு 124, சேர்க்கைக்கு 75, மொத்தம் 429. அரை அரையாக ஏறியதற்கு 69 புள்ளி. நோயாளியைக் கவனிக்கும் அவளது கை இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

தள்ளிப் போட்டால் நஷ்டம். 35 வயதில் வயதுப் புள்ளி 77 ஆகிவிடும், 40-ல் 50, 45-ல் பூஜ்யம். தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று காத்திருக்கும் மூத்த மகளுக்கு இந்தக் கணக்கு இரக்கம் காட்டுவதில்லை.

விவசாயிக்கு நிலைமை இன்னும் மோசம். காந்தளூர் வட்டவடை வெள்ளைப்பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணும் குளிரும் அந்தக் கைகளும் சேர்ந்து வந்த பெயர் அது. ஆனால் பண்ணையில் நடவு, அறுவடை வேலை செய்தவரின் அனுபவத்தை எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கில் எடுக்காது. கனடா தன் தொழில் பட்டியலில் அதைக் கடைசிப் படியில் வைத்திருக்கிறது. அறுவடைக்கு ஆள் வேண்டும் என்றால் தற்காலிக விசாவில் கூப்பிடுவார்கள், சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கங்காணி காலத்தில் கைக்கு மட்டும் மதிப்பு. இன்று அந்தக் கைக்குத்தான் புள்ளி இல்லை. இதைத் திறமையின் அளவுகோல் என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை.

அளவுகோலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பிரிட்டனில் வேலை விசாவுக்கு 2021 முதல் 70 புள்ளி வேண்டும். அதில் பொதுவான சம்பள வரம்பு 25,600 பவுண்டில் தொடங்கி, 2024 ஏப்ரலில் 38,700 ஆகி, 2025 ஜூலையில் 41,700-க்கு ஏறியது. கனடா, வேலை உறுதிக் கடிதத்துக்குக் கொடுத்த கூடுதல் புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டது. சிங்கப்பூர் தன் வேலை விசாவுக்கு 2023 செப்டம்பரில் காம்பஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது, தேற 40 புள்ளி வேண்டும். அதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. நிறுவனத்தின் உயர்நிலை ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் கால் பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தப் பிரிவில் பூஜ்யம். ஒரே நாட்டவர் குவியக் கூடாது என்று அந்நாடு நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் 1967-ல் விண்ணப்பத்தாளை விட்டுப் போன பிறந்த நாடு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்பதும் உண்மை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் தேற 65 புள்ளி வேண்டும். அங்கே சமூக மொழித் தேர்வு ஒன்றில் தேறினால் 5 புள்ளி கூடும், அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. இரண்டு உரையாடல்களை ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்ததைக் குறையாகவே கேட்டு வளர்ந்த மலைப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இந்தப் புள்ளிகளை எவரும் விற்க முடியாது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் கணக்கிடும் முறையை இலவசமாக வெளியிட்டிருக்கின்றன. ஸ்கோர் ஏற்றித் தருகிறேன் என்று லட்சம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட், நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.

கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் நர்சுகளுக்கு ஆங்கிலமும் ஜெர்மனும் சொல்லித் தருகிறது. அப்படி ஒரு வகுப்பை மூணாறிலும் தொடங்க வேண்டும், தமிழ் வழியில் படித்து வந்தவர்களையும் மனத்தில் வைத்து. மலையிலிருந்து பயிற்சிக்கு இறங்குவதற்கே ஒரு நாள் போகிற ஊரில், அந்த அரை மதிப்பெண்ணை வேறு எங்கே தேடுவது?