முப்பதில் சுடும் ரிம்

"சிறுமலையிலிருந்து சைக்கிளில் இறங்கி, அடிவாரத்தில் டீ குடிக்க நின்றபோது பின்சக்கர ரிம்மைத் தற்செயலாகத் தொட்டேன். விரல் சுட்டுவிட்டது. என்னைவிட வேகமாக இறங்கிய நண்பரின் ரிம் லேசான வெதுவெதுப்போடு சரி. நானோ பயந்து பயந்து, முப்பதைத் தாண்டாமல் வந்தவன். இது என்ன நியாயம்?" என்று காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயம் இல்லைதான். ஆனால் கணக்கு அவருக்கு எதிராக நிற்கிறது.

செட்டிநாட்டில் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்கு இது புதிதாகத் தெரிவதில் வியப்பில்லை. மணிமுத்தாறும் தேனாறும் பாம்பாறும் ஓடுவதே தெரியாத அளவுக்குத் தரை சமம். கண்மாய்க் கரைதான் பெரிய ஏற்றம். பிரேக்கைப் பிடிப்பதெல்லாம் குறுக்கே வரும் ஆட்டுக்காகத்தான். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் என்று மேற்கே போகப் போகத்தான் தரை மெல்ல எழும்புகிறது. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை வழியில் தள்ளித் தெரியும். ஆனால் அதில் காலால்தான் ஏற முடியும், சக்கரத்தால் அல்ல. சக்கரத்துக்கு முதல் மலை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, திண்டுக்கல்லுக்குச் சற்று முன்னால் பிரியும் சிறுமலைப் பாதை. 18 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70 ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பாலபாடம்தான். பாடம் என்னவோ ஒன்றே.

சைக்கிளும் ஆளும் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். இறக்கம் 800 மீட்டர், சரிவு நூற்றுக்கு ஆறு, பாதையின் நீளம் 13 கிலோமீட்டர் சொச்சம். மேலே இருக்கும்போது அவர் கையில் இருக்கும் இருப்பு 667 கிலோஜூல். கீழே வந்து நிற்கும்போது அதில் ஒன்றும் மீதி இருக்காது. எல்லாம் வெப்பம்.

எவ்வளவு வெப்பம்? இரண்டேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு டிகாக்‌ஷன் இறக்கப் போதும். ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில் இருநூறு பேருக்குக் காபி என்றால் ஆளுக்கு நூறு மில்லி வீதம் இருபது லிட்டர். ஒன்பது பேர் சிறுமலையிலிருந்து இறங்கினால் அடுப்பே வேண்டாம். சர்க்கரை, பால், டம்ளர் எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சிக்கல், இந்த வெந்நீரைப் பிடிக்கப் பாத்திரம் கிடையாது. வெப்பம் போய்ச் சேர இரண்டே இடங்கள்: ஒன்று காற்று, மற்றது பிரேக். டயர் உருளும்போது தின்பது சொற்பம்தான்.

கதை இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது பள்ளிப் பாடம். பிரேக்கே பிடிக்காமல் விட்டால், நம் 85 கிலோ ஆசாமி மணிக்கு 52 கிலோமீட்டர் வாக்கில் ஒரு நிலையான வேகத்துக்கு வந்துவிடுவார். அங்கே காற்றே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ரிம் குளிர்ந்தே இருக்கும். மறுகோடியில், ஊர்ந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது காற்றுக்கு வேலையே இல்லை, பிரேக்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது. ஆனால் இறக்கம் மணிக்கணக்கில் நீளும். நொடிக்கு நொடி பிரேக்குக்கு வருவது கொஞ்சமே, அது ஆறுவதற்கும் நேரம் இருக்கிறது.

இரண்டு கோடியிலும் சூடு குறைவு என்றால், நடுவில் எங்கோ ஓர் உச்சம் இருந்தாக வேண்டும். அது எங்கே என்று கணக்குப் போட்டால், நிலையான வேகத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்த இடத்தில் வந்து நிற்கிறது. 52-ஐ 1.73-ஆல் வகுத்துப் பாருங்கள். முப்பது!

வாசகர் மிகச் சரியாக, வேண்டுமென்றே செய்ததுபோல, அந்த உச்சியில் உட்கார்ந்தே மலை இறங்கியிருக்கிறார். பதினைந்தில் வந்திருந்தால் பிரேக்குகளுக்கு ஏறக்குறைய 175 வாட். நாற்பத்தைந்தில் 145-க்கும் குறைவு. முப்பதில் 250-க்கு மேல். சரிவு, எடை, உட்காரும் விதம் மாறினால் எண்கள் நகரும். நடுவில் ஒரு கூம்பு இருப்பது மாறாது. பயம் ஓரளவுக்கு மட்டும் இருந்தால்தான் ரிம் அதிகம் சுடும் என்பதை எந்தச் சைக்கிள் கடைக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு அலுமினிய ரிம்களும் சேர்ந்து ஒரு கிலோ இருக்கும். 250 வாட் விடாமல் அதில் இறங்கினால், ஆற வழியில்லாதபோது, நிமிடத்துக்கு 16, 17 டிகிரி ஏறும். காற்று ஆற்றிக்கொண்டே வருவதால்தான் அது எங்கோ ஓரிடத்தில் நின்றுகொள்கிறது. "டியூபுக்குள் காற்று சூடாகி வெடித்துவிடும்" என்று மலைப்பாதை வீரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனாலும் உள்ளழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். நல்ல டயர் அதைப் பொருட்படுத்தாது. சூட்டில் இளகுவது வேறு: ஸ்போக் ஓட்டைகளை மூடியிருக்கும் ரிம் டேப், பழைய பஞ்சர் ஒட்டின் பசை. வெடிச் சத்தம் கேட்டால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சரித்திரமும் கொஞ்சம் வேண்டும் என்பார்கள். கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976-ல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவற்றில் பின்சக்கர ஹப்புக்குள் இருந்தது. ஒரே இறக்கத்தில் ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய மவுண்டன் பைக்கின் பூர்வீகங்களில் அதுவும் ஒன்று. போதும்.

விளம்பரங்களுக்கு வருவோம். 'டிஸ்க் பிரேக் சூடாகாது' என்பது முதல் பொய். 250 வாட் அதற்கும் அதே 250 வாட்தான். நூறு, நூற்றைம்பது கிராம் எஃகுத் தட்டு ரிம்மைவிடச் சீக்கிரம், இன்னும் அதிகமாகச் சூடாகும், நிறமே மாறும். அதன் சிறப்பு, அந்தச் சூடு டயருக்குப் பக்கத்தில் இல்லாமல் அச்சருகே இருப்பது. சாலைப் பந்தயங்களில் அதற்குச் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் முழு அனுமதி 2018-ல்தான் கிடைத்தது. இரண்டாவது, கார்பன் ரிம். எடை குறைவு, உண்மை. ஆனால் கார்பன் வெப்பத்தை எளிதில் கடத்திப் பரப்பாது, அதைப் பிணைக்கும் பிசினோ சூட்டில் இளகும். ரிம்மையே பிடிக்கும் பிரேக்கோடு மலை இறங்க அதை வாங்குவது, காசு கொடுத்து வினையைத் தேடுவது. மூன்றாவது, இறங்கும்போது தானே சார்ஜ் ஆகும் மின்சைக்கிள். 667 கிலோஜூல் என்பது 185 வாட் மணி. காற்றின் பங்கு, மோட்டாரின் இழப்பு எல்லாம் போக மிஞ்சுவது பேட்டரியின் ஒரு மூலை. பெடல் பக்கம் மோட்டார் பொருத்திய வகைகளில் அதுவும் கிடையாது. ஃப்ரீவீல் இருப்பதால் சக்கரம் சுழன்றாலும் மோட்டார் சுழலாது.

காசு செலவில்லாத வழி, வேலையைக் காற்றிடம் தள்ளுவது. நிமிர்ந்து, மார்பை விரித்து உட்காருங்கள். பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வராமல், நேர் பாதையில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். சராசரி வேகம் அதேதான் என்றாலும், எதிர்ப்பு வர்க்கத்தில் கூடுவதால் காற்று அதிகம் எடுத்துக்கொள்ளும். இது சாலை காலியாக இருக்கும்போது. வாழைத்தார் லாரி எதிரே வரும் வளைவில் இயற்பியல் பேசிக்கொண்டிருக்க முடியாது; அங்கே பதினைந்தில் ஊர்வதுதான் சரி. ரிம் சுட்டால் நின்று ஆறவிடலாம்.

வாசகர் கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: கேரியர் வைத்த சைக்கிளில், கல்லூரி போகும் மகனை உட்காரவைத்து டபுள்ஸ் இறங்கலாமா? மகன் 60 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 145. எடை 1.7 மடங்கு, முகத்தில் மோதும் காற்றோ ஏறக்குறைய பழைய காற்றுதான், ஏனென்றால் பையன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறான். கூடுதல் பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில். அதே முப்பதில் 250 வாட் இப்போது 520. வேண்டாம் ஐயா, பையனுக்குத் தனிச் சைக்கிள் எடுத்துக் கொடுங்கள்.