பாறை விரிசலில் வாழும் பொத்தான் கள்ளி

உலகின் மிகச் சிறிய கள்ளி பிளாஸ்ஃபெல்டியா லிலிபுடானா. வளர்ந்த தண்டின் குறுக்களவு பெரும்பாலும் 1 செ.மீ.யைச் சுற்றியே இருக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். வட அர்ஜென்டினாவிலும் பொலிவியாவிலும் ஆண்டீஸ் மலையின் கிழக்குச் சரிவுகளே இதன் தாயகம். செங்குத்துப் பாறைகளின் விரிசல்களில், கொஞ்சம் தூசி படிந்த இடம் கிடைத்தாலே வேரூன்றிவிடும். அருவிகளை ஒட்டிய பாறைகளிலும் இதைப் பார்க்கலாம். தாவரச் சேகரிப்பாளர் ஹாரி பிளாஸ்ஃபெல்ட் 1936இல் இதைக் கண்டெடுத்தார். மறு ஆண்டே ஜெர்மானியத் தாவரவியலாளர் எரிக் வெர்டர்மான் இதை விவரித்துப் பெயரிட்டார்.

இதற்கு முள் கிடையாது; மற்றக் கள்ளிகளில் காணும் வரிப்பள்ளங்களும் இல்லை. தட்டையான சாம்பல்பச்சைத் தண்டின் மேல் சுருள் வரிசையில் கம்பளிப் புள்ளிகள் மட்டும் இருக்கும். உச்சியில் சிறு வெண்பூ மலரும். தன் மகரந்தத்தாலேயே கருவுற்று விதை வைக்கும்.

இச்செடியின் உண்மையான வியப்பு அதன் நீர்க் கணக்கில் இருக்கிறது. கள்ளி என்றால் தடித்த தோலுக்குள் நீரைப் பூட்டி வைப்பது என்றே நாம் அறிந்திருக்கிறோம். இதற்கு மூச்சுத் துளைகள் மிகக் குறைவு; ஆனாலும் அந்தத் தடித்த தோல் இல்லை. எனவே வறட்சியில் நீரைக் காக்கப் போராடாமல் அதை இழந்துவிடுகிறது. உடலில் உள்ள நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய், சருகாகச் சுருங்கி ஓராண்டுக்கு மேல் கிடந்தாலும், மழை பெய்ததும் உப்பி மீண்டும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும். பாசிகளிடமும் சில பெரணிகளிடமும் காணப்படும் இந்த ஆற்றல் கள்ளிக் குடும்பத்தில் மிக அரிது. டி.என்.ஏ. ஆய்வுகளும் இச்செடியைத் தன் உறவினங்களிலிருந்து வெகு முன்பே பிரிந்த தனிக் கிளையாகக் காட்டுகின்றன.

வளர்ப்பவருக்குப் பொறுமைதான் முதல் தேவை. விதை தூசி போல நுண்ணியது, மண்ணால் மூடக்கூடாது. சலித்த பொடிக்கல்லும் மணலும் கலந்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, தொட்டியில் நிரப்பி அதன் மேல் தூவ வேண்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஈரம் அடியிலிருந்தே ஏறும்படி செய்ய வேண்டும். மேலே கண்ணாடி மூடி, வெளிச்சமுள்ள நிழலில் வைத்தால் முளைக்கும். பல மாதங்கள் கழிந்தும் நாற்று 1, 2 மி.மீ.யைத் தாண்டாது. அந்தக் காலத்தில் பாசி படர்ந்தால் நாற்றுகள் மூச்சடைத்து அழிந்துவிடும். பெரும்பாலான தோல்விகளுக்கு இதுவே காரணம்.

அவசரப்படுவோர் நாற்றைப் பெரெஸ்கியாப்சிஸ் என்ற கள்ளியின் தண்டில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அப்போது விரைந்து பருத்து, பக்கக்கன்றுகள் விட்டுக் கொத்தாகும். விதை பெருக்க இது நல்ல வழி. ஆனால் பாறையில் அடங்கி வாழும் செடியின் இயல்பு அந்த ஊதிய உருண்டைகளில் காணாமல் போய்விடும். சொந்த வேரில் நிற்கும் செடியே வளர்க்கத் தக்கது.

கோடை வெயில் நேரே படக்கூடாது. வளரும் பருவத்தில் மண் காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும். குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்தினால் தண்டு சுருங்கி மணலுக்குள் இறங்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியக்கூடாது. வெப்பம் திரும்பியதும் நீரைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.