எரிந்த மாவு ஆலையில் உழவர் சந்தை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் கூரையில்லாத கல் சுவர்கள் சில நிற்கின்றன. கோடைகாலச் சனிக்கிழமை காலைகளில் அதன் பக்கத்திலேயே உழவர் சந்தை நடக்கிறது. ஒரு காலத்தில் உழவர்கள் விளைவித்த கோதுமை ரயிலில் வந்து இறங்கிய 'வாஷ்பர்ன் ஏ' மாவு ஆலைதான் அது.

1874-ல் கட்டப்பட்ட ஆலை. அருவித் தண்ணீரின் விசையில் அரவைக் கற்கள் சுழன்றன. நான்கே ஆண்டில், 1878 மே 2 அன்று மாலை, ஆலை வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த 14 தொழிலாளர்களும், பக்கத்து ஆலைகளில் 4 பேரும் மாண்டார்கள். வெடித்தது மருந்தல்ல, மாவுத் தூசி. குவியலாகக் கிடக்கும் மாவு சட்டென்று பற்றாது. அதுவே காற்றில் பறக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றிலும் காற்று இருப்பதால் எல்லாம் ஒரே நொடியில் எரிந்துவிடும். தானியம் இல்லாமல் வெறுமனே உரசிய கற்களின் பொறி போதுமானதாக இருந்தது. (நம் ஊர் தீவன மில்லிலும் மாவரைக்கும் மில்லிலும் இதே ஆபத்து உண்டு. தூசி படிந்த மில்லுக்குள் பீடி பற்றவைப்பவர்கள் கவனிக்கவும்.)

1880-ல் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவிகளோடு ஆலை மீண்டும் எழுந்தது. உச்சத்தில், நாளொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் ரொட்டிகளுக்கு வேண்டிய மாவை அரைத்தது. பிறகு மாவுத் தொழில் வேறு ஊர்களுக்கு நகர, 1965-ல் மூடப்பட்டது. பாழடைந்து கிடந்த கட்டடத்தை 1991-ல் தீ வேறு தின்றது.

இடித்துத் தள்ளியிருக்கலாம், செய்யவில்லை. புதிதுபோலப் பூசி மெழுகவும் இல்லை. நகர நிர்வாகம் இடிபாடுகளை அகற்றி, சுவர்கள் சாயாதபடி முட்டுக் கொடுத்தது. அதன் பிறகே மினசோட்டா வரலாற்றுக் கழகம் உள்ளே அருங்காட்சியகம் கட்டி 2003-ல் திறந்தது. எரிந்த சுவர்களுக்கு நடுவே உள்ள முற்றத்தில் கச்சேரிகளும் கல்யாணங்களும் நடக்கின்றன. பார்க்க வருபவர்களை லிஃப்ட் ஒன்று மாடி மாடியாகக் கொண்டுபோகிறது. அங்கே வேலை பார்த்தவர்களின் பதிவு செய்த குரல்களே ஆலையின் கதையைச் சொல்கின்றன. முதலாளி பெயர் எப்படியும் கட்டடத்தில் இருக்கும். மூட்டை சுமந்தவர், இயந்திரம் ஓட்டியவர் குரலைச் சேர்த்து வைத்ததுதான் பெரிய வேலை.

மூடிய அரிசி ஆலையை ஊர்ப்பொது இடமாக்க நினைப்பவர்கள் இந்த வேலை நடந்த வரிசையைப் பார்க்க வேண்டும். சுவரின் உறுதியைப் பொறியாளர் பார்த்துச் சொல்வதற்கு முன் வெள்ளையடிப்பதும் விழா நடத்துவதும் வீண் செலவு, ஆபத்தும்கூட. அங்கே வேலை செய்த பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்வதற்கோ செலவே இல்லை; அதைத் தள்ளிப்போடக் கூடாது.

உழவர் சந்தை வந்தது 2006-ல். ஆலையை ஒட்டிய பழைய ரயில் கொட்டகையில், விளைவித்தவர்களே காய்கறி, முட்டை, தேன், ரொட்டி என்று கடை விரிக்கிறார்கள். கோதுமை வந்து இறங்கிய இடத்தில், இன்று விலை சொல்வது உழவர்.