கொழுந்து முதல் கோப்பை வரை

பண்டம் ஒன்றை ஆக்குவது பாதி வேலை. அதனை வேண்டுவோர் கையிற் சேர்ப்பது மறுபாதி. ஆக்குவோருக்கும் நுகர்வோருக்கும் இடையே அமைந்த இவ்வழியையே விநியோக வழி என்பர். அதன் இயல்பை இலங்கைத் தேயிலையைக் கொண்டு எளிதில் அறியலாம்.

கொய்த கொழுந்து தாமதமின்றித் தொழிற்சாலையை அடைதல் வேண்டும். கசங்கினாலும் சூடேறினாலும் தரம் கெடும். இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியை விளைவிப்போர் சிறுதோட்ட உடைமையாளரே. அவர்களுட் பெரும்பாலோருக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. ஆதலால், கொழுந்து சேகரிப்போர் அதனை நிறுத்து, லொறிகளில் ஏற்றிச் செல்கின்றனர். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது.

அடுத்த படி கொழும்பு ஏலம். தொழிற்சாலையின் சரக்கைத் தரகர் சுவைத்து மதிப்பிட்டு, பட்டியலிட்டு, மாதிரிகளைக் கொள்வனவாளருக்கு அனுப்புகிறார். போட்டியிட்டு வாங்கும் ஏற்றுமதியாளர் பல தோட்டத்துத் தேயிலைகளைக் கலந்து, பொதிசெய்து, கப்பலேற்றுகிறார். பிறநாட்டு இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் ஆகியோரைக் கடந்தே அது கோப்பையை அடைகிறது.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் இலங்கைத் தேயிலை இலண்டன் சந்தையையே நம்பியிருந்தது. கடல் கடந்து சென்ற சரக்குக்கு என்ன விலை கிடைத்தது என்பதை அறியத் தோட்டக்காரர் பல கிழமைகள் காத்திருக்க நேர்ந்தது. 1883ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி கொழும்பில் முதலாவது ஏலம் நடைபெற்றதோடு, உள்நாட்டிலேயே விலை காணும் வாய்ப்புத் தோன்றியது. இலண்டன் ஏலம் 1998இல் முடிவுற்றது. கொழும்பு ஏலமோ 2020இல் மின்னணு முறைக்கு மாறியது.

இத்தனை பேர் இடையில் நிற்பது வீண் செலவன்றோ என்ற வினா எழலாம். ஒவ்வொருவரும் ஒரு பணியை ஆற்றுகின்றனர்: ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் தரம் பிரிக்கிறார், ஒருவர் பணம் முடக்கி நட்டத்துக்கும் அஞ்சாது நிற்கிறார். இடையிலுள்ளவரை நீக்கலாம், அவர் செய்யும் பணியை நீக்க இயலாது. அதனை வேறொருவர் ஏற்றேயாக வேண்டும்.

எனினும், வழி நீளும்போது பங்குகள் பெருகுகின்றன. சிறு உடைமையாளருக்குரிய கொழுந்து விலை ஏல விலையை ஒட்டியே கணிக்கப்படுகிறது. பெட்டியில் அடைத்துப் பெயர் பொறித்தபின் ஏறும் விலை அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. கலத்தலும் பொதிசெய்தலும் பிறநாட்டில் நடந்தால், அவ்வூதியம் இந்நாட்டுக்கே கிட்டாது போகும். ஆகவே, பண்டம் சேருமிடத்தை மட்டுமன்றி, எப்படியில் யார் கையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். கொழுந்து கொய்யும் கைகளின் வாழ்வும் அக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.